ஆங்கிலம் பற்றி மாணவரின் உள்ளத்தை அறிய

"ஆங்கிலம் பிடிக்குமா?" என்று வகுப்பில் நின்று கேட்காதீர்கள். மதிப்பெண் போடுகிறவரே கேட்டால் எந்தப் பிள்ளைதான் பிடிக்காது என்று சொல்லும்? உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். நான் நம்புவது பெயர் எழுதாத துண்டுச்சீட்டைத்தான். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. ஆகவே எழுதச் சொல்லாமல் வட்டமிடச் சொல்லுங்கள். சீட்டுகளை மாணவர் ஒருவரே வாங்கிக் கலைத்துத் தரட்டும்.

பொதுவான கேள்விகளை விட்டுவிட்டு, நடப்பதைக் கேளுங்கள். "பேச எழுந்து நிற்கும்போது என்ன ஆகிறது?" நெஞ்சு படபடக்கிறது, தெரிந்த சொல்லும் மறந்துபோகிறது, யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கிறேன், ஒன்றும் ஆவதில்லை. இப்படி நான்கு விடைகள் போதும். எலைன் ஹார்விட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1986இல் வெளியிட்ட அயல்மொழி வகுப்பறைப் பதற்ற அளவுகோலில் 33 கூற்றுகள் உள்ளன. ஆய்வுக்கு அது நல்ல கருவி. ஆனால் கடைசிப் பாடவேளையில் அதை நீட்டினால் பாதிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு நடுக்கட்டத்தில் டிக் விழும். ஆறேழு கேள்விகளோடு நிறுத்துங்கள்.

கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கேள்வி வையுங்கள். ஆங்கிலப் பாடல்களை நாள் முழுக்க முணுமுணுக்கும் பிள்ளைக்கு, எல்லார் முன்னும் பாடத்தை உரக்கப் படிப்பது மட்டும் நரகமாக இருக்கலாம். இரண்டையும் ஒரே விடையில் அடைத்தால் 'ஆர்வமில்லாதவன்' என்ற பொய்தான் கிடைக்கும்.

எதற்காகக் கற்கிறார்கள் என்பதையும் ஒரு வரி கேளுங்கள். வேலை, தேர்வு போன்ற பயனுக்காகக் கற்பதையும், அம்மொழி பேசுவோரோடு ஒன்றும் விருப்பத்தால் கற்பதையும் உளவியலாளர்களான கார்ட்னரும் லாம்பர்ட்டும் வேறுபடுத்திக் காட்டினார்கள். விளையாட்டுக்காக, வீட்டார் சொன்னதற்காக என்ற விடைகளையும் நான் சேர்ப்பேன். கடைசியாகச் சொன்னதை வட்டமிடுவோர் நாம் நினைப்பதைவிட அதிகம்.

சீட்டுகளைப் படித்த வாரத்திலேயே ஏதேனும் ஒன்றை அவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி மாற்றுங்கள். இல்லையேல் மறுமுறை ஒப்புக்குத்தான் வட்டமிடுவார்கள். பேசும் பயம் மிகுதி என்றால், கேள்வி கேட்டபின் காத்திருங்கள். ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை 3 விநாடியாக்கினாலே விடைகள் நீள்கின்றன என்று அறிவியல் வகுப்புகளில் கண்டவர் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ. மொழி வகுப்பில் அதற்கும் மேலே காத்திருக்கலாம். முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்கட்டும். பாதி வாக்கியத்தில் திருத்தாதீர்கள்.

அடுத்த பருவத்தில் அதே கேள்விகளை அதே சொற்களில் கேளுங்கள். சொல்லை மாற்றினால் இரண்டு கட்டுச் சீட்டுகளையும் ஒப்பிட முடியாது.