உதவி போய்ச் சேர்ந்தால் மட்டும் போதுமா?

குழந்தைகள் ஏறி விளையாடும் ராட்டினத்தைத் தண்ணீர்ப் பம்போடு இணைத்துவிட்டால், அவர்கள் சுற்றச் சுற்றத் தொட்டி நிறையும். தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய ‘பிளேபம்ப்’ திட்டம் இதுதான். 2006இல் அமெரிக்க அரசும் அறக்கட்டளைகளும் இதற்குப் பெரிய நிதி அறிவித்தன. 2010க்குள் 4,000 பம்புகள் என்பது இலக்கு.

குழந்தைகள் நாள் முழுக்கவா விளையாடுவார்கள்? மொசாம்பிக்கில் பல ஊர்களில் பெண்கள்தான் அந்தச் சக்கரத்தைக் குனிந்து தள்ளித் தண்ணீர் எடுத்தார்கள். பழுதானால் சரிபார்க்க ஆளில்லை. ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்திய இடங்களும் உண்டு. தினமும் குடம் சுமக்கும் பெண்களிடம் முதலிலேயே கேட்டிருந்தால் பாதிச் சிக்கல் அன்றே தெரிந்திருக்கும்.

எத்தனை பம்பு வைத்தோம், எத்தனை பள்ளி கட்டினோம் என்று எண்ணுவதையே வளர்ச்சி என்று நினைப்பதுதான் முதல் தவறு. கடைக்காரர் மோசமான பொருளை விற்றால் அடுத்த முறை அங்கே போக மாட்டோம். அரசு சரியில்லை என்றால் ஓட்டு இருக்கிறது. இலவசமாக வந்த உதவி சரியில்லை என்றால், வாங்கியவர் யாரிடம் போய்ச் சொல்வது? தொண்டு நிறுவனம் கணக்குக் காட்டுவது நன்கொடையாளருக்குத்தானே.

நன்கொடையாளர்கள் அடிக்கடி செய்யும் இன்னொரு தவறு, நிர்வாகச் செலவு குறைவாக இருக்கும் நிறுவனமே நல்லது என்று முடிவு செய்வது. பம்பு ஓடுகிறதா என்று ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்க்கிற ஊழியரின் சம்பளமும் அந்தச் செலவில்தான் வரும்.

சரி, நன்கொடை தரும் கம்பெனிகள்? எல்லாமே விளம்பரம் என்று ஒதுக்குவதும் தவறு, கொடுத்ததை மட்டும் பார்ப்பதும் தவறு. ஒருவகை ஈ கடித்துப் பரவி, பார்வையைப் பறிக்கக்கூடிய ஆற்றுக் குருட்டு நோய்க்கான ஐவர்மெக்டின் மருந்தைத் தேவைப்படும் காலம்வரை இலவசமாகத் தருவதாக மெர்க் என்ற மருந்துக் கம்பெனி 1987இல் அறிவித்தது. ஆப்பிரிக்காவில் பல ஊர்மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் மூலம் அது வீடுவீடாகப் போனது. 2013இல் கொலம்பியா அந்த நோயிலிருந்து விடுபட்ட முதல் நாடானது. ஆனால் மருந்துக் கம்பெனிகள், உணவுக் கம்பெனிகளின் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஏழை நாடுகளில் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பால்பவுடரை விற்றுத்தள்ளிய முறைகளுக்கு எதிராக 1970களில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1981இல் உலக சுகாதார சபை அதற்கு விதிமுறை கொண்டுவந்தது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. ஆகவே ஒரு கம்பெனி என்ன நன்கொடை தருகிறது என்பதோடு, எப்படிச் சம்பாதிக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சர்வதேச அமைப்புகளை ‘ஐநா’ என்ற ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. ஐநா பொதுச் சபையில் நாட்டுக்கு ஒரு வாக்கு. உலக வங்கியிலும் பன்னாட்டு நிதியத்திலும் பணம் அதிகம் போட்ட நாட்டுக்கு வாக்கின் எடையும் அதிகம். இந்த அமைப்புகளும் தவறு செய்யும். 2010 நிலநடுக்கத்தால் நொறுங்கியிருந்த ஹைதிக்குள் காலரா நுழைந்தது ஐநா அமைதிப்படையின் முகாமிலிருந்து. சுமார் 10,000 பேர் இறந்தார்கள். ஐநா மன்னிப்புக் கேட்க 2016 ஆயிற்று. நினைக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிற விஷயம் இது.

அப்புறம், வெளியிலிருந்து வந்தவர்கள்தான் ஒரு நாட்டை மாற்றுகிறார்கள் என்ற எண்ணம். பெரியம்மை ஒழிப்பை உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்தது உண்மை. ஆனால் தெருத்தெருவாக நோயாளிகளைத் தேடியவர்களும் ஊசி போட்டவர்களும் பெரும்பாலும் அந்தந்த நாட்டுச் சுகாதார ஊழியர்கள். இயற்கையாகப் பரவிய பெரியம்மை கடைசியாக 1977இல் சோமாலியாவில் ஒரு மருத்துவமனைச் சமையல்காரருக்கு வந்தது. பிழைத்து எழுந்த அவர், பல ஆண்டுகள் கழித்துத் தன் நாட்டில் போலியோ சொட்டு மருந்துக்குத் தன்னார்வலராக இறங்கி, தயங்கிய பெற்றோரிடம் தன் கதையைச் சொல்லிச் சம்மதிக்கவைத்தார்.