ட்ரெய்னர் சரியானவரா? முதல் நாளே தெரிந்துவிடும்

ஜிம்மில் பணம் கட்டும் முன் ஒரு நாள் ட்ரையல் கேளுங்கள். அன்று மெஷின்களைப் பார்க்க வேண்டாம், ட்ரெய்னர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். பி.பி., சுகர் உண்டா, என்ன மாத்திரை, முட்டி வலி, பழைய ஆபரேஷன் ஏதாவது? இதெல்லாம் விசாரிக்காமல் நேராக டம்பெல்லைக் கையில் கொடுப்பவர் வேண்டவே வேண்டாம்.

அண்ணா நகரில் என் அம்மாவுக்கு அமைந்த ட்ரெய்னர் முதல் வாரம் முழுக்க ஒரு நாற்காலியை வைத்தே பழக்கினார். உட்கார வேண்டும், எழ வேண்டும், அவ்வளவுதான். முட்டி உள்பக்கம் சாய்கிறதா, குதிகால் தரையை விட்டு எழும்புகிறதா என்று பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நாம் காசு கொடுப்பது அந்தக் கண்ணுக்குத்தான். வீடியோ பார்த்துச் செய்தால் அது கிடைக்காது.

பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி, கூடவே 2 நாள் தசைப் பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ தினமும் வேகமாக நடப்பவர்களுக்கு முதலாவது கிடைத்துவிடும். இரண்டாவதுக்கு மட்டும் ட்ரெய்னர் வைத்துக்கொண்டால் போதும், செலவும் குறையும்.

அப்புறம், சுகருக்கு இன்சுலின் போடுபவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். பயிற்சியின்போது சுகர் சட்டென்று இறங்கலாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், அது எந்தப் பக்க ஜிப்பில் இருக்கிறது என்று ட்ரெய்னருக்கும் காட்டி வையுங்கள்.