திருமணமா, துறவறமா? தெளிவதற்குச் சில வழிகள்

எனக்குத் திருமணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் தங்கை, வாழ்நாள் முழுதும் துறவியாக இருப்பதாக நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த அருட்சகோதரி. அதனால்தானோ என்னவோ, எந்த வழியில் போவது என்று குழம்பும் இளையோர் என்னிடம் வந்து பேசுகிறார்கள். எல்லோரிடமும் முதலில் ஒன்றைக் கேட்பேன்: எதிலிருந்தாவது தப்பிக்கப் பார்க்கிறாயா?

அப்பா அம்மா சண்டையைப் பார்த்தே வளர்ந்து, கல்யாணமே வேண்டாமென்று மடத்தை நினைப்பவர்கள் உண்டு. தனிமைக்குப் பயந்து, வந்த வரனுக்குத் தலையாட்டுபவர்களும் உண்டு. பயம் கடவுளின் அழைத்தல் ஆகாது. திருமணத்தின் அருமை தெரிந்தவர்தான் அதைக் கடவுளுக்குக் காணிக்கையாக்க முடியும். வேண்டாததை யாரும் காணிக்கை வைப்பதில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் குடும்பங்களுக்காக எழுதிய ஊக்கவுரையில் திருமணத்தையும் கன்னிமையையும் அன்பு செய்யும் அழைத்தலின் இரு வழிகளாகவே பார்க்கிறார்.

அடுத்து, மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனிக்க வேண்டும். இதில் எனக்குக் குரு, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். 1521-இல் ஸ்பெயினின் பம்ப்லோனாவில் நடந்த போரில் குண்டடி பட்டுப் படுக்கையில் கிடந்தபோது, வீரசாகசக் கனவுகளும் அவருக்கு இனித்தன. புனிதர்களைப் போல வாழும் எண்ணமும் இனித்தது. ஆனால் முதலாவது கலைந்ததும் மனம் வறண்டது. இரண்டாவது போன பிறகும் மகிழ்ச்சி தங்கியது. நீங்களும் சில நாள் திருமணம் என்றே முடிவு செய்துவிட்டதுபோல நினைத்துச் செபியுங்கள். பிறகு சில நாள் துறவறம் என்று. அந்த நேரத்துப் பரவசத்தைவிட, மறுநாள் வேலைக்கு நடுவில் மனம் எப்படி இருக்கிறது என்பதை எழுதி வையுங்கள். மனம் சோர்ந்திருக்கும் நாளில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதீர்கள். இதுவும் அவர் சொன்னதே.

தனியாக இதைச் செய்யாதீர்கள். ஓர் ஆன்ம வழிகாட்டி வேண்டும். உங்கள் கல்யாணத்துக்காகக் காத்திருக்கும் அம்மாவும், தன் சபைக்கு ஆள் தேடும் சகோதரியும் நல்லவர்களே. ஆனாலும் உங்கள் முடிவில் அவர்களுக்கும் ஓர் ஆசை இருக்கிறது.

உங்களுக்கு ஆசை இருந்தால் மட்டும் போதாது, திருச்சபையும் ஏற்க வேண்டும். பிரான்சைச் சேர்ந்த லூயி மார்ட்டின் மடத்தில் சேரப் போனார். இலத்தீன் தெரியாததால் திருப்பி அனுப்பினார்கள். பின்னாளில் அவர் மனைவியான செலியையும் கன்னியர் மடத்தில் சேர்க்கவில்லை. இருவரும் 1858-இல் மணந்தார்கள். குழந்தை இயேசுவின் புனித தெரேசாள் அவர்கள் மகள். 2015-இல் பெற்றோரும் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். மடத்தில் இடம் கிடைக்காததால் அவர்கள் கடவுளின் அழைத்தலை இழந்துவிடவில்லை.

மடத்தில் சேர்ந்தாலே முடிந்தது என்று பயப்பட வேண்டாம். நவதுறவகம் என்னும் தொடக்கப் பயிற்சிக் காலம் குறைந்தது 12 மாதம். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு 3 முதல் 6 ஆண்டு, தேவைப்பட்டால் 9 வரை நீளலாம். நடுவில் திரும்பி வருவது அவமானமே இல்லை. வீட்டார் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். திருமணத்தில் அப்படித் தற்காலிக ஏற்பாடு கிடையாது. ஆகவே நிச்சயத்துக்கு முன்பே பேசுங்கள்: பிள்ளைகள், செபம், பணம், இரு வீட்டுப் பெரியவர்கள். கட்டாயப்படுத்தி வாங்கிய சம்மதத்தால் திருமணமும் செல்லாது, நவதுறவகத்தில் சேர்ப்பதும் செல்லாது என்கிறது திருச்சபைச் சட்டம்.

குருத்துவத்தை விரும்பும் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கீழைத் திருச்சபைகள் சிலவற்றில் மணமானவர்களும் குருவாகலாம். இலத்தீன் வழிபாட்டு முறையில் பொதுவாக மணத்துறவு, அதாவது மணம் செய்யாமல் வாழ்வது, கட்டாயம். பலிபீடத்தின் மீது ஆசை வைத்து, மணத்துறவைச் சகித்துக்கொள்ளலாம் என்று எண்ணிச் சேராதீர்கள். அதையும் மனதார விரும்ப முடிகிறதா என்று குருமடத்துக்கு விண்ணப்பம் எழுதும் முன்பே உங்கள் வழிகாட்டியிடம் ஒளிக்காமல் பேசுங்கள்.