கார்கானோவுக்கு ஈயக் குண்டு: அளவு சரிசெய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1891-இல் இத்தாலிய ராணுவம் ஏற்றுக்கொண்ட கார்கானோ, பெயரளவில் 6.5 மி.மீ. துப்பாக்கி. ஸ்வீடன் மவுசரும் 6.5 தான். ஆனால் மவுசருக்கு 0.264 இன்ச் குண்டு போதும்; கார்கானோ குழலின் புரிப்பள்ளங்களுக்கு (உட்சுவரில் சுழன்று செல்லும் பள்ளங்கள்) இடையே அளந்தால் 0.268 இன்ச்சை ஒட்டி வரும். இந்த 0.004 இன்ச் வித்தியாசத்தைக் கவனிக்காமல் 6.5 என்ற எண்ணை மட்டும் நம்பி, குண்டு வார்க்கும் அச்சும், வார்த்த குண்டைத் தள்ளி அளவுக்குக் கொண்டுவரும் டையும் வாங்குவதில்தான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன. அமெரிக்காவில் இந்தப் பழைய துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே குண்டு வார்ப்பவர்கள் நிறையப் பேர். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே கீழே உள்ளது, சட்டம் அனுமதிக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு.

குழலை அளக்காமல் டை வாங்குவது

போல்ட்டைக் கழற்றி, குழல் காலி என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். குழலை விடச் சற்றே தடிமனான தூய ஈயத் துண்டை எண்ணெய் தடவி, வாய்ப்பக்கத்திலிருந்து பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தட்டி உள்ளே செலுத்துங்கள். மரக்குச்சி வேண்டாம், நடுவில் பிளந்து ஆப்பு போல இறுகிக்கொள்ளும். துண்டு வெளியே வந்ததும் அதில் பதிந்த மேடுகளின் குறுக்கே அளந்தால், அதுதான் புரிப்பள்ள விட்டம்.

அளக்க மைக்ரோமீட்டர் வேண்டும். சாதாரண காலிப்பரில் 0.001 இன்ச் பிழை வரலாம். நாம் தேடும் வித்தியாசமே அவ்வளவுதான். கார்கானோவில் நான்கு பள்ளங்கள் எதிரெதிராக இருப்பதால் நேராக அளந்துவிடலாம். பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு துப்பாக்கி போல ஐந்து பள்ளம் உள்ள குழலில் ஒரு பள்ளத்துக்கு எதிரே மேடு வரும், அளவு குறைத்துக் காட்டும். அப்போது துண்டைச் சுற்றி 0.002 இன்ச் பித்தளைத் தகட்டை இறுக்கமாக ஒரு சுற்று சுற்றி அளந்து, 0.004-ஐக் கழியுங்கள்.

ஈயக் குண்டு பள்ள விட்டத்தை விட 0.001 முதல் 0.002 இன்ச் பெரிதாக இருக்க வேண்டும். 0.268 குழலுக்கு 0.269 அல்லது 0.270. குண்டு சிறியதாக இருந்தால் வெடிவாயு பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை அரித்துக் குழலில் அப்பிவிடும். தோட்டா உட்காரும் அறைக்குச் சற்று முன்னால் ஈயம் படிந்திருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். வாய்ப்பக்கத்தில் படிந்திருந்தால் குண்டில் வழுக்கலுக்காகத் தடவும் மெழுகு போதவில்லை என்று சந்தேகிக்கலாம்.

பெரிதாக்குவதற்கும் எல்லை உண்டு

இந்த ஒன்றில் மட்டும் அவசரமே கூடாது. உங்கள் துப்பாக்கியில் சுட்ட தோட்டாவின் காலிப் பித்தளைக் கூட்டை எடுத்து, எந்த டையிலும் போடாமல், அளவு சரிசெய்த குண்டை அதன் கழுத்துக்குள் விரலால் நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் நழுவி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அறையின் கழுத்துப் பகுதியில் கூடு விரிய இடமில்லை என்று பொருள். கூடு குண்டை விடாது. அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அப்படியானால் குண்டின் அளவைத்தான் குறைக்க வேண்டும், குழலின் அளவு என்ன சொன்னாலும் சரி.

டை பெருக்கும் என்று நினைப்பது

டையால் குறைக்க மட்டுமே முடியும். 6.5 அச்சிலிருந்து 0.266 இன்ச்சில் விழும் குண்டு 0.269 டைக்குள் தொடாமலே போய்வரும். வழிகள் சில உண்டு. தூய ஈயம் ஆறும்போது அதிகம் சுருங்கும். ஆண்டிமனி கூடிய கலவை சற்றுப் பெரிதாக விழும். அச்சின் இரு பாதிகளும் சேரும் முகத்தில், குழிக்கு வெளியே, வெப்பம் தாங்கும் அலுமினிய டேப் ஒட்டினால் 0.001 முதல் 0.003 வரை கிடைக்கும். ஆனால் குண்டின் குறுக்குவெட்டு முட்டை வடிவாகிவிடும், டையில் தள்ளி வட்டமாக்க வேண்டும். பவுடர் கோட்டிங் (பொடிப் பூச்சு) பூசி அடுப்பில் வாட்டினால் விட்டம் ஏறக்குறைய 0.002 கூடும்; பூசிய பிறகுதான் டைக்குப் போக வேண்டும். இவை எல்லாம் ஒட்டு வேலைதான். தொடர்ந்து வார்க்கப்போகிறவர்கள் 0.270-இல் விழும்படி வெட்டிய அச்சு வாங்குவதே நல்லது.

பெரிய குண்டை ஒரே தள்ளில் நசுக்குவது

எதிர்த்திசைத் தவறு இது. வேறொரு துப்பாக்கி ரகமான .270 வின்செஸ்டருக்கான அச்சு கையில் இருக்கிறது, 0.278-இல் விழுகிறது, குறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். 0.003 வரை குறைப்பதை ஈயம் பொறுத்துக்கொள்ளும். 0.009 குறைத்தால் மெழுகு தங்குவதற்காகக் குண்டில் உள்ள பள்ளங்கள் மூடும், குண்டு நீளும், அடிவிளிம்பில் பிசிறு தள்ளும். ஈயக் குண்டின் குறி அடிவிளிம்பில்தான் இருக்கிறது. அது ஒரு பக்கம் சிதைந்தால் குழலை விட்டு வெளியேறும் கணத்தில் வாயு ஒரு பக்கமாக உந்தி, குண்டைத் தள்ளாட வைக்கும். வேறு வழியே இல்லையென்றால் 0.275, 0.272, 0.269 என்று மூன்று டைகளில் படிப்படியாக இறக்குங்கள்.

அப்படிச் செய்தாலும் ஒரு சிக்கல் தீராது. .270 அச்சுகளில் பலவற்றில் மூக்கு, அந்தக் குழலின் புரிமேட்டில் (புரிப்பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடு) உட்காரும்படி 0.270-ஐ ஒட்டி இருக்கும். கார்கானோவின் புரிமேட்டு விட்டமோ 0.256. டையில் தள்ளிய பிறகும் மூக்கு 0.269, அறைக்குள் போட்டால் மேட்டில் முட்டி நிற்கும், போல்ட் மூடாது.

உலர்ந்த குண்டு, கடினமாகிப்போன குண்டு

மெழுகோ அலாக்ஸ் என்ற திரவ மசகோ தடவாமல் தள்ளினால் டையின் சுவரில் ஈயம் ஒட்டும். அடுத்தடுத்த குண்டுகளில் நெடுகக் கீறல் விழும். மிக மெல்லிய பூச்சு போதும்.

ஆண்டிமனி உள்ள குண்டைச் சூட்டோடு தண்ணீரில் போட்டால் அது நாள்கணக்கில் கடினமாகிக்கொண்டே போகும். இரண்டு வாரம் கழித்துத் தள்ளினால் பிரஸ் கைப்பிடி முரண்டு பிடிக்கும், குண்டும் டையை விட்டு வந்ததும் சற்று விரிந்து 0.0005 பெரிதாக நிற்கும். இதனோடு, டை நசுக்கிய மேற்பரப்பு மென்மையாகிவிடும். புரி கடிக்க வேண்டிய இடமே அதுதான். வார்த்த அன்றோ மறுநாளோ தள்ளி, அடியை வெடிவாயுவிலிருந்து காக்கும் செப்புக் கிண்ணத்தையும் அப்போதே பொருத்திவிடுங்கள். கிண்ணம் சாய்ந்து ஏறினால் அந்தக் குண்டு மீண்டும் உருக்குச் சட்டிக்கு. (உலர்ந்ததாகப் பார்த்துப் போடுங்கள்; ஒரு துளி ஈரம் உருகிய ஈயத்தைத் தெறிக்கவைக்கும். காற்றோட்டமும் வேண்டும், முடிந்ததும் கையைச் சோப்பால் கழுவ வேண்டும்.)

டை சிறியதாக இருந்தால் 400 எண் நீர்த்தாளை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) பிளந்த குச்சியில் சுற்றி, துளைக்கருவியில் ஓட்டிப் பெரிதாக்கலாம். பத்துப் பதினைந்து நொடிக்கு ஒருமுறை நிறுத்தி, டையைத் துடைத்து, குண்டைத் தள்ளி அளந்து பாருங்கள். வெட்டிய உலோகம் திரும்பி வராது.

கூட்டுக்குள் நசுங்குவது

எல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கும் குழலில் ஈயம் அப்புகிறது என்றால் இங்கே பாருங்கள். சுட்ட கூட்டை மீண்டும் தயார்செய்ய, கடையில் கிடைக்கும் 6.5 டை செட்டின் விரிப்பான் (கூட்டின் கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் பகுதி) 0.264 குண்டுக்கானது. அது விட்டுச்செல்லும் இறுக்கமான பித்தளைக் கழுத்தில் 0.269 ஈயக் குண்டை அழுத்தினால், கழுத்து விரியாமல் குண்டு சுருங்கும். மருந்தும் பிரைமரும் இல்லாத வெறுங்கூட்டில் ஒரு குண்டைப் பொருத்தி, உருவி எடுத்து, மைக்ரோமீட்டரில் வையுங்கள். 0.266 என்று காட்டினால் இத்தனை நேரம் செய்த வேலை அந்தக் கழுத்தில் போயிற்று. 0.267 அளவுள்ள, வாயில் படிபோல் அகன்ற விரிப்பான் போட்டு, கழுத்து வாயைக் குண்டின் அடி கீறலில்லாமல் நுழையும் அளவுக்கு லேசாக மலர்த்திவிட்டு மீண்டும் உருவி அளந்தால் 0.269 அப்படியே நிற்க வேண்டும்.