அறுபது பேரு கொயர், ரெண்டே மைக்: சர்ச்சுல பாமாலை ரெக்கார்ட் பண்றது எப்படிங்க?

ஈரோடு பக்கம் எங்க சர்ச் கொயர்ல அறுபது பேருங்க. மொத தடவை பாமாலை பாட்டெல்லாம், அதாவது வெளிநாட்டு மெட்டுல தமிழ் வார்த்தை போட்ட சர்ச்சுப் பாட்டெல்லாம், ரெக்கார்ட் பண்றப்ப பத்து மைக் வாடகைக்கு எடுத்து வரிசை வரிசையா நிறுத்தி வெச்சோம், வீட்டுக்கு வந்து கேட்டா கொயரையே காணோம், முன்வரிசை அத்தை ஒருத்தங்க தனியா பாடறாங்க, மத்தவங்கெல்லாம் கிணத்துக்குள்ள நின்னு முனகறாங்க. ஒரே குரல் நாலு மைக்குக்கு முன்னப்பின்ன போய்ச் சேந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், அதான் அந்தக் கிணத்துச் சத்தம். அதுக்கப்பறம் ரெண்டே மைக்தான்.

1. பாட்டும் வார்த்தையும்

ஒரு ராத்திரிக்கு நாலு பாட்டு போதும், பேராசை வேண்டாங்க. பழைய பாட்டுன்னா உரிமைப் பிரச்சனை கம்மி. "என்னோடிரும், மா நேச கர்த்தரே" எடுத்துக்கங்க, இங்கிலீஷ்ல எழுதின ஹென்றி பிரான்சிஸ் லைட் 1847லயே காலமாயிட்டாரு, மெட்டு வில்லியம் ஹென்றி மங்க் 1861ல போட்டது. நம்ம நாட்டுல எழுதினவர் காலமாகி 60 வருசம் வரைக்கும்தான் உரிமை. ஆனா புதுசா யாராவது மொழிபெயர்த்திருந்தாலோ நாலு குரலுக்குப் பிரிச்சு எழுதியிருந்தாலோ அவங்களைக் கேட்டுட்டுத்தான் தொடணும்.

இப்ப முக்கியமான எடம். கீர்த்தனைன்னா நம்மூரு ராகம் தாளத்தோடயே பொறந்தது, தொல்லை இல்ல. பாமாலையில இருக்கற ஞானப்பாட்டுல மெட்டு வெளிநாட்டுது, வார்த்தை பின்னால வந்து உக்காந்தது. அதனால 'என்'னுக்கு ரெண்டு தட்டு, 'னோ'வுக்கு ஒண்ணே ஒண்ணு, அதாவது குறிலுக்கு நீளம், நெடிலுக்குக் குட்டை! சும்மா இழுத்தீங்கன்னா "ஏன்னோடிரும்"னு ஆண்டவர்கிட்ட ஏன்னு கேக்கற மாதிரி ஆயிரும். வாயை 'எ'லயே வெச்சுக்கிட்டு ரெண்டாவது தட்டு முடியறப்ப மட்டும் 'ன்' போடணும். 'ரும்'லயும் அதேதான், அறுபது வாயும் ஒட்டுக்கா மூடணும், ஒருத்தர் சித்த முன்னால ம்முன்னு மூடினாலும் மைக்கு காட்டிக் குடுத்துரும். இதுக்கு மட்டும் நாங்க ரெண்டு வாரம் செலவு பண்ணினோம்.

2. ஆலயத்தை அடக்கறது

நடுவுல நின்னு ஓங்கி ஒரு கை தட்டுங்க. சத்தம் ரெண்டு செகண்டுக்கு மேல சுத்துச்சுன்னா பாட்டு வேகத்தைக் கொஞ்சம் கொறைங்க, இல்லன்னா ஒரு வார்த்தை மேல இன்னொண்ணு ஏறிக்கும். ஞாயித்துக்கெழம ஆளுக நெறஞ்சிருக்கறப்ப இவ்வளவு எதிரொலிக்காது, காலியா இருந்தா மோசம். நாங்க பவானி ஜமுக்காளம் எட்டு கொண்டுபோயி மொசைக் தரையில விரிச்சு மிச்சத்தைப் பெஞ்சு மேல போட்டோம், கல்யாணத்துக்குப் பந்தி போடறாப்பல இருந்துச்சு, ஆனா வித்தியாசம் உடனே தெரிஞ்சுது.

நேரம் ராத்திரி ஒம்பதுக்கு மேல. தறி ஓடற ஊருன்னா பக்கத்துல கேட்டு வெச்சுக்கங்க. பேன் எல்லாம் நிறுத்தணும், "ஏனுங்ணா, ஒரு பேன் மட்டும் போட்டுக்கட்டுங்களா?"ன்னு கண்டிப்பா யாராவது கேப்பாங்க, முடியாதுன்னுட்டு பாட்டுக்குப் பாட்டு நடுவுல அஞ்சு நிமிசம் போட்டு விடுங்க. டியூப்லைட் சோக்கு ரீங்காரம் போடுதான்னும் பாருங்க. மேல புறா இருந்தா வேற வழியில்ல, ஜெபம்தான்.

3. மைக்

ஒரே மாடல் கண்டன்சர் மைக் ரெண்டு, உயரமான ஸ்டாண்டு ஒண்ணு, 48 வோல்ட் பேன்டம் பவர் (கேபிள் வழியாவே மைக்குக்குப் போற கரண்ட்) குடுக்கற இன்டர்பேஸ், அதான் மைக்கைக் கம்ப்யூட்டரோட சேக்கற பெட்டி. ரெண்டு மைக்கு முனைக்கும் நடுவுல 17 செ.மீ., வெளிப்பக்கமா 110 டிகிரி விரிச்சு, பத்தடி உயரத்துல, கொயர் மாஸ்டருக்குப் பின்னால. ஆளுகளை அரைவட்டமா நாலு வரிசை நிறுத்துங்க. டெனார், அதான் ஆம்பளைங்கள்ல மேல்குரல் பாடறவங்க, எங்கயும் கம்மிதான், அவங்களை நடுவுல வைங்க. நம்ம அத்தை கடைசி வரிசைக்குப் போகணும், அதைச் சொல்ற பொறுப்பைப் பாஸ்டரய்யா தலையில கட்டிருங்க.

4. லெவலும் டேக்கும்

ரெக்கார்டிங் செட்டிங் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பாட்டுல எங்க சத்தம் ஜாஸ்தியோ அந்த அடியைப் பாடச் சொல்லி லெவல் முள்ளு மைனஸ் 12 டெசிபல் தாண்டாம வெச்சுட்டா அப்பறம் லெவல் நாபைத் (திருகற குமிழைத்) தொடவே கூடாது.

மொத சுருதி மட்டும் கீபோர்டுல குடுத்துப் பாட விடுங்க. ஒவ்வொரு சரணம் முடிஞ்சதும் கீபோர்டைத் தொட்டுப் பாருங்க, கொயர் கீழ எறங்கியிருக்கும், களைச்சா இன்னும் எறங்கும். முழுப்பாட்டா மூணு தடவை, பொறவு சொதப்பின சரணம் மட்டும் தனியா. பாட்டு முடிஞ்சும் எதிரொலி அடங்கற வரைக்கும் ஒருத்தரும் அசையக்கூடாது, எங்க நல்ல டேக் ஒண்ணு கடைசி செகண்டுல வளையல் சத்தத்துல போச்சு.

5. எடிட்டிங்

ஆடாசிட்டிங்கற எடிட்டிங் சாப்ட்வேர் இலவசம், அது போதும். வெட்டறதும் ஒட்டறதும் மூச்சு எடுக்கற எடத்துல மட்டும். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கற உறுமலைத் தாராளமா வெட்டலாம், அதுக்கு மேல போனா கீழ்க்குரல் பாடற பேஸ் அண்ணன்மாரு குரலும் சேந்து போயிரும். எக்கோ எதுவும் சேக்காதீங்க, அதான் ஆலயமே குடுத்திருக்குதே. கடைசியா வேவ் பைல் ரெண்டு எடத்துல காப்பி, வாட்ஸப்புக்கு எம்பி3. அத்தைக்கு மொதல்ல அனுப்பிருங்க.