கியர்பாக்ஸ் இறக்க ஜாக்கி வாங்குகிறீர்களா? டன் கணக்கை விட்டு உயரத்தை அளந்து பாருங்கள்

கிளட்சை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். அதை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தவர்கள் கடையில் முதலில் பார்ப்பது ஜாக்கியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைத்தான். இரண்டு டன்னா, மூன்று டன்னா? இந்த வேலைக்கு அந்த எண் அவ்வளவு முக்கியமே இல்லை. சின்னக் காரின் மேனுவல் கியர்பாக்ஸ் பெரும்பாலும் 30 முதல் 50 கிலோவுக்குள் இருக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் 70, 80 கிலோ வரும். நான்கு சக்கர இழுவை உள்ள பெரிய வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸோடு (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) சேர்த்து இறக்கினால் 100 கிலோவைத் தாண்டும். இந்த எடை எந்த ஜாக்கிக்கும் தூசு. மாட்டிக்கொள்வது உயரத்திலும் சாய்விலும்தான்.

உயரக் கணக்கை முதலில் போடுங்கள். பெல் ஹவுசிங்கின், அதாவது கியர்பாக்ஸ் இன்ஜினோடு சேரும் மணி வடிவ வாயின், குறுக்களவு சுமார் 35 முதல் 40 செ.மீ. ஜாக்கியை முழுக்கத் தாழ்த்தினாலும் தட்டு தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வண்டியின் அடிவிளிம்புக்குக் கீழே 60 செ.மீ. இடைவெளி வேண்டும். தூக்கிய வண்டியைத் தாங்க பலரிடம் இருக்கும் சின்ன ஸ்டாண்டின் உச்ச உயரமே 40 செ.மீ. சொச்சம்தான். விளைவு? கியர்பாக்ஸ் அழகாகக் கீழே இறங்கும்; வெளியே வராது. அதைச் சற்றே பிடித்துக்கொண்டு ஜாக்கியை உருவி, பலகையில் வைத்து இழுப்பவர்கள் உண்டு. கழற்றும்போது அது நடந்துவிடும். திருப்பி மாட்டும்போது, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி அதே பெட்டியைத் தூக்கி ஜாக்கி மேல் ஏற்ற வேண்டுமே! ஆகவே ஜாக்கியையும் ஸ்டாண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஒற்றைத் தூண் போல நிற்கும் உயரமான கியர்பாக்ஸ் ஜாக்கி பழைய சாமான் விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடுவார்கள். அது வண்டியையே தலைக்கு மேல் தூக்கும் லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கானது. முழுக்கத் தாழ்த்தினாலும் இடுப்பு உயரம் வரும். ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்கு அடியில் நுழையவே நுழையாது.

அடுத்தது சாய்வு. சக்கரத்தில் உருளும் டிராலி ஜாக்கியின் கிண்ணம் உள்ளங்கை அகலம்தான். கியர்பாக்ஸின் அடிப்பக்கமோ மேடும் பள்ளமுமாக இருக்கும். எடை ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும். ஆட்டோமேட்டிக்கில் அடியில் இருப்பது ஆயில் பான், தகடாக இருந்தால் கிண்ணம் அழுத்தியே சொட்டையாகும். ஆனால் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும். போல்ட்டுகளை எல்லாம் கழற்றி, பெட்டியை இரண்டு விரல் அளவு பின்னால் இழுத்திருக்கிறீர்கள். கியர்பாக்ஸின் முன்னால் நீண்டிருக்கும் தண்டான இன்புட் ஷாஃப்ட் இன்னும் கிளட்ச் பிளேட்டுக்குள்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் கியர்பாக்ஸின் பின்முனையான வால் பக்கம் தொங்கினால் மொத்த எடையும் பிளேட்டின் நடுப்பகுதியில் விழுந்து அதை வளைத்துவிடும். மாட்டும்போதும் இதே ஆபத்துதான். புது பிளேட் போட்டும் கிளட்ச் சரியாக விடவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் இது ஒன்று.

அதனால் முன்பின்னாகச் சாய்க்கும் திருகும், கட்டி வைக்கச் செயினோ பெல்ட்டோ உள்ள தட்டும்தான் காசு போட வேண்டிய இடம். டிராலி ஜாக்கி மேல் பொருத்தும் அடாப்டராகவும் அது கிடைக்கும். மாட்டும்போது பெல் ஹவுசிங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே அதிகமாக இருந்தால் வால் தாழ்ந்திருக்கிறது, திருகி உயர்த்துங்கள். சுற்றிலும் ஒரே அளவு வராமல் போல்ட் போட்டு இழுக்கவே கூடாது. ஹவுசிங்கில் போல்ட் நுழையும் காது உடையும்.

இறக்கும் வால்வையும் சோதியுங்கள். தொட்டதும் பொத்தென்று விழும் ஜாக்கி இதற்கு ஆகாது. ஏதாவது எடையை ஏற்றி, துளித்துளியாக இறங்குகிறதா என்று பாருங்கள். திருகில் ஏறி இறங்கும் கத்தரி வகை மெதுவானதுதான், ஆனால் நின்ற இடத்தில் நிற்கும். வாழ்நாளில் ஒரு தடவை செய்யப்போகிற வேலை என்றால் வாடகைக்கு எடுங்கள், அதுவே புத்திசாலித்தனம்.

இன்ஜினை மறந்துவிடுபவர்கள் நிறைய. முன்சக்கர இழுவை வண்டியில் ஒரு பக்க மவுண்டிங் கியர்பாக்ஸில்தான் இருக்கும். அதைக் கழற்றினால் இன்ஜின் அந்தப் பக்கம் சரியும். மேலிருந்து தாங்கும் சப்போர்ட் பார் வேண்டும். இன்ஜினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கு அடியில் இன்னொரு ஜாக்கியை நேரடியாக முட்டுக்கொடுத்தால் சம்ப் நசுங்கும்.

இன்ஜின் தூக்கும் கிரேன் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கிரேனின் கையை நீட்ட நீட்ட அதன் தூக்கும் திறன் குறையும். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாக மேலே வரும்போதுதான் அது தேவை. கூரைக் கம்பியில் செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துத் தூக்கும் கப்பி) மாட்டுவது வேண்டவே வேண்டாம். அந்தக் கம்பி எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட்டைத் தூக்கும் ஸ்லிங்காக, அதாவது சுமையைக் கொக்கியில் தொங்கவிடும் பட்டையாக, பயன்படுத்தாதீர்கள். இரண்டு கால் ஸ்லிங்கை அகலமாக விரித்துக் கிடைமட்டத்துக்கு 30 டிகிரியில் மாட்டினால் ஒவ்வொரு காலும் முழு எடையையும் இழுக்கும்.

வண்டியைச் சமமான கான்கிரீட் தரையில், நான்கு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். செங்கல், ஹாலோ பிளாக் கூடாது. தரையைப் பெருக்கவும் வேண்டும். ஜாக்கியின் குட்டிச் சக்கரம் ஒரு கூழாங்கல்லில் முட்டினால்கூடத் தள்ளுகிற வேகத்தில் பெட்டி முன்னால் கவிழும்.

ஆட்டோமேட்டிக் என்றால், கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டரும் பெட்டியோடேயே வரும், எண்ணெய் நிரம்பிக் கனமாக. அதைத் தனியாகப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. பெல் ஹவுசிங்கின் வாய்க்குக் குறுக்கே ஒரு பட்டையை போல்ட் போட்டு முடுக்கிவிட்டு, வாய்ப்பக்கம் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி தட்டைத் திருகி வைத்துக்கொண்டு இறக்குங்கள்.