எக்ஸ்எம்எல்லை ஹெச்டிஎம்எல் ஆக்க, காசு செலவில்லாமல்

முதலில் ஒன்று: எக்ஸ்எம்எல் வெறும் தரவுதான், ஹெச்டிஎம்எல் போல உலாவியில் காட்டும் பக்கமல்ல. எது தலைப்பு, எது பத்தி என்று நாம் சொன்னால்தான் தெரியும். அதைச் சொல்லும் கோப்புக்குப் பெயர் எக்ஸ்எஸ்எல்டி, அதை இயக்க இலவசக் கருவிகள் நிறைய உண்டு.

லினக்ஸ் வைத்திருந்தால் எக்ஸ்எஸ்எல்டி-பிராக் போதும். சின்னது, வேகமானது. கட்டளையில் எக்ஸ்எஸ்எல்டி கோப்பை முதலிலும் எக்ஸ்எம்எல்லை அடுத்தும் கொடுக்க வேண்டும். நான் மாற்றிக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் திருதிருவென விழித்திருக்கிறேன். ஆனால் அதற்கு எக்ஸ்எஸ்எல்டியின் 1999-இல் வந்த 1.0 பதிப்பு மட்டும்தான் தெரியும். தொகுத்துக் காட்டுவது போன்ற வேலைகளுக்கு 3.0 வேண்டுமென்றால் சாக்ஸன் ஹெச்இ எடுங்கள், அதுவும் இலவசம், ஜாவா இருக்க வேண்டும்.

உங்களுடையது டாக்புக் (நூல்கள், கையேடுகள் எழுதப் பயன்படும் எக்ஸ்எம்எல்) வகைக் கோப்பா? அப்புறம் எதற்கு எக்ஸ்எஸ்எல்டி, பான்டாக் என்ற இலவச ஆவண மாற்றி ஒரே வரிக் கட்டளையில் முடித்துவிடும்.

எல்லாம் சரியாக எழுதியும் ஹெச்டிஎம்எல் குறிச்சொற்களே இல்லாமல் வெறும் எழுத்துகள் கொட்டுகிறதா? பெரும்பாலும் நேம்ஸ்பேஸ்தான் காரணம், அதாவது உறுப்புப் பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று சொல்லும் முகவரி. எக்ஸ்எம்எல்லின் முதல் உறுப்பில் எக்ஸ்எம்எல்என்எஸ் என்று இருந்தால், அதே முகவரியை எக்ஸ்எஸ்எல்டியிலும் ஒரு முன்னொட்டோடு அறிவித்து, அதில் வரும் ஒவ்வொரு எக்ஸ்எம்எல் உறுப்பின் பெயருக்கு முன்னும் அந்த முன்னொட்டைப் போடுங்கள்.

ஆன்லைன் மாற்றிகளும் இருக்கின்றன, ஆனால் அலுவலகக் கோப்பை அதில் ஏற்றாதீர்கள்.